‘போதும்’ என்றால் நிற்க வேண்டும்: கணிப்பான் நிரல் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. எண்களையும் ஒரு குறியையும் வாங்கிக்கொண்டு விடை சொல்லும் எளிய கால்குலேட்டர் நிரலை எழுத முயன்று, நடுவில் எங்கேனும் நின்றுவிட்டவர்கள் எழுதியவை அவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழின் பகுதி முழுவதையும் இவற்றுக்கே தருகிறேன்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறேன். சென்ற ஆண்டு சி++ படித்தோம். இந்த ஆண்டு பைத்தான். ‘இஃப்’ என்றால் என்ன, ‘வைல்’ என்றால் என்ன என்று தனித்தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் நாம் ‘போதும்’ என்று சொல்லும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் கால்குலேட்டரை எழுதச் சொன்னால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நான் எப்படித் தொடங்க வேண்டும்?
– மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: திரையை மூடி வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் கணினி வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இலக்கணம் தெரியாததால் நின்றுபோன மாணவர்களைவிட, செய்ய வேண்டிய வேலையைத் தமிழில் வரிசையாகச் சொல்லிப் பார்க்காததால் நின்றுபோனவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். தாளில் எழுதுவதற்கு முன் இரண்டு கேள்விகளை மட்டும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையில் எது திரும்பத் திரும்ப நடக்கிறது? எந்த இடத்தில் வழி பிரிகிறது? முதல் கேள்விக்கான விடைதான் மடக்கு. இரண்டாவதற்கான விடைதான் நிபந்தனை.

திரும்பத் திரும்ப நடப்பது கூட்டல் மட்டும்தான் என்று சிலர் நினைத்து, கூட்டும் வரியை மட்டும் மடக்குக்குள் வைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. குறியைக் கேட்பது, எண்களைக் கேட்பது, கணக்கைச் செய்வது, விடையைச் சொல்வது ஆகிய எல்லாமே ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும். ஆகவே இவை அனைத்தும் மடக்கின் உள்ளே இருக்க வேண்டும். தாளில் அது இப்படி வரும்:

திரும்பத் திரும்பச் செய்க:
    குறியைக் கேள்.
    குறி ‘போதும்’ என்றால்: மடக்கை விட்டு வெளியேறு.
    குறி +, -, *, / என்ற நான்கில் ஒன்றாக இல்லையென்றால்: ‘இந்தக் குறி எனக்குத் தெரியாது’ என்று காட்டி, மடக்கின் தொடக்கத்துக்குப் போ.
    முதல் எண்ணைக் கேள்.
    இரண்டாம் எண்ணைக் கேள்.
    குறி + என்றால்: விடை = முதல் + இரண்டாம்
    இல்லை, குறி - என்றால்: விடை = முதல் - இரண்டாம்
    இல்லை, குறி * என்றால்: விடை = முதல் * இரண்டாம்
    இல்லை, இரண்டாம் எண் 0 என்றால்: ‘0 கொண்டு வகுக்க இயலாது’ என்று காட்டி, மடக்கின் தொடக்கத்துக்குப் போ.
    இவை எதுவும் இல்லையென்றால்: விடை = முதல் / இரண்டாம்
    விடையைக் காட்டு.

பெரும்பாலான பாட எடுத்துக்காட்டுகளில் எண்களைக் கேட்ட பிறகே குறியைக் கேட்பார்கள். நான் குறியை முதலில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு பெரிய எண்களைக் கவனமாக அடித்து முடித்த ஒருவரிடம், மூன்றாவதாக அவர் அடித்த குறி தவறு என்று சொல்லி எல்லாவற்றையும் மறுபடி அடிக்கச் செய்வது முறையாகாது. நிறுத்த விரும்புகிறவரும் எண் எதையும் தராமலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

0-ஐச் சோதிக்கும் வரி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். இரண்டாம் எண்ணை வாங்கிய உடனேயே ‘0 என்றால் தவறு’ என்று எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. 5 + 0 என்பது முறையான கணக்கு. 5 * 0 என்பதும் அப்படியே. வகுத்தலில் மட்டுமே 0 தடையாகிறது. மேலே உள்ள வரிசையில் கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகிய மூன்றும் கழிந்த பிறகு எஞ்சியிருப்பது வகுத்தல் ஒன்றே என்பதால், 0 பற்றிய சோதனை அந்த இடத்தில் சரியாகப் பொருந்துகிறது. ‘இல்லை, … என்றால்’ என்ற சங்கிலியின் வலிமை இதுதான். ஒவ்வொரு வரியும் தனக்கு மேலே உள்ளவை எல்லாம் பொய்யாகிவிட்டன என்ற செய்தியைச் சுமந்துகொண்டே வருகிறது.

இனித் திரையைத் திறக்கலாம். ‘திரும்பத் திரும்பச் செய்க’ என்பது ‘வைல் ட்ரூ’, ‘என்றால்’ என்பது ‘இஃப்’, ‘இல்லை, … என்றால்’ என்பது ‘எலிஃப்’, கடைசி ‘இல்லையென்றால்’ என்பது ‘எல்ஸ்’, வெளியேறுவது ‘பிரேக்’, தொடக்கத்துக்குப் போவது ‘கன்டினியூ’. தாளில் உள்ளே தள்ளி எழுதியதைப் பைத்தானிலும் அப்படியே உள்ளே தள்ளி எழுதுங்கள். அந்த மொழியில் உள்தள்ளல் அழகுக்காக வைக்கப்பட்டதன்று, எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதைக் கணினி அதைக்கொண்டே அறிகிறது. ‘முதல்’, ‘விடை’ என்று, மதிப்புகளைத் தாங்கி நிற்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கவும் பைத்தானின் இன்றைய பதிப்புகள் இடம் தருகின்றன.

தமிழில் எழுதிப் பார்ப்பதை ஒரு தற்காலிக ஊன்றுகோலாக மட்டும் எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற நிரல்மொழியில் கட்டளைகளே தமிழில் இருக்கின்றன. அதில் நிபந்தனையை முதலில் எழுதி, அதன் பின்னால் ‘ஆனால்’ என்று வரும். பகுதியின் இறுதியில் ‘முடி’ என்று வரும். ‘மழை பெய்தால்’ என்று நிபந்தனையை முன்னே சொல்லி, ‘ஆல்’ என்பதைப் பின்னே ஒட்டுகிற நம் வாக்கிய அமைப்புக்கு அது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பதை ஒருமுறை எழுதிப் பார்த்தால் உணர்வீர்கள்.

கேள்வி: என் நிரலில் 2, 3 என்று கொடுத்துக் கூட்டச் சொன்னால் 23 என்று வருகிறது. கழிக்கச் சொன்னால் பிழைச் செய்தி வந்து நிரல் நின்றுவிடுகிறது. என்ன காரணம்?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: விசைப்பலகையிலிருந்து ‘இன்புட்’ வழியாக வருவது எதுவாக இருந்தாலும் பைத்தான் அதை எழுத்துச் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகவே பெறுகிறது. இரண்டு சரங்களுக்கு நடுவே + வந்தால் ஒட்டுவது என்று பொருள். ஆகவே ‘2’, ‘3’ ஆகியவை ஒட்டிக்கொண்டு ‘23’ ஆயின. சரத்திலிருந்து சரத்தைக் கழிப்பதற்குப் பொருளே இல்லாததால் பிழைச் செய்தி வந்தது. பெற்ற உடனேயே ‘ஃப்ளோட்’ கொண்டு எண்ணாக மாற்றிவிடுங்கள். ஒருவர் எண்ணுக்குப் பதிலாக ‘ரெண்டு’ என்று அடித்துவிட்டால் அந்த மாற்றம் தோற்றுவிடும் என்பதால், அதை ‘ட்ரை’, ‘எக்ஸெப்ட்’ என்ற இணைக்குள் வைத்து, தோற்றால் மறுபடியும் எண்ணைக் கேட்கும் சிறிய மடக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு கணக்கும் முடிந்தபின் ‘இன்னொரு கணக்கு வேண்டுமா?’ என்று கேட்கும்படி எழுதியிருக்கிறேன். பதில் ‘இல்லை’ அல்லது ‘வேண்டாம்’ என்றால் நிற்க வேண்டும். ஆனால் நான் ‘ஆம்’ என்று அடித்தாலும் நின்றுவிடுகிறது. வரியைப் பலமுறை பார்த்தும் தவறு தெரியவில்லை.
– வாசகி, திசையன்விளை

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள நிபந்தனை, ‘பதில் == "இல்லை" ஆர் "வேண்டாம்"’ என்ற அமைப்பில் இருக்கிறது. இதில் ‘==’ என்பது சமமா என்று கேட்பது; ‘ஆர்’ என்பது ‘அல்லது’. படிக்கிற நமக்குப் பொருள் விளங்குகிறது. ஆனால் கணினி இதை இரண்டு தனித்தனி நிபந்தனைகளாகப் பிரிக்கிறது. ‘பதில் == "இல்லை"’ என்பது ஒன்று; ‘"வேண்டாம்"’ என்ற வெறும் சரம் மற்றொன்று. வெறுமையாக இல்லாத எந்தச் சரத்தையும் பைத்தான் உண்மை என்றே கொள்ளும். ஆகவே நீங்கள் எதை அடித்தாலும் இரண்டாம் பகுதி உண்மையாகிவிடுகிறது; நிரலும் நின்றுவிடுகிறது.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘பதில் இல்லை என்றாலோ, வேண்டாம் என்றாலோ’. ‘என்றாலோ’ இருமுறை வருகிறது அல்லவா? நிரலிலும் ஒப்பீட்டை அப்படியே இருமுறை எழுதுங்கள்: ‘பதில் == "இல்லை" ஆர் பதில் == "வேண்டாம்"’. இதே பிழை, குறிகளைச் சோதிக்கும் இடத்திலும் அடிக்கடி நேர்கிறது.

தமிழில் பதில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ‘போதும்’ என்ற சொல்லில் உள்ள ‘ோ’ என்ற குறியை, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ‘ே’, ‘ா’ என்ற இரண்டு குறிகளின் சேர்க்கையாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டால் வேறு வேறு என்றே கணினி சொல்லும். பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ என்ற தொகுதியில் உள்ள ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். சொல்லின் முன்னும் பின்னும் தவறி விழுந்த இடைவெளிகளை ‘ஸ்ட்ரிப்’ நீக்கிவிடும். இந்த இரண்டையும் பதிலைப் பெற்ற இடத்திலேயே செய்துவிட்டால் பின்னர் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். வாரம் முழுவதும் சுற்றிய எண்ணிக்கையைக் கூட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலியால் பெருக்கிச் சொல்லும் நிரலை எழுதினேன். எத்தனை நாள் கணக்கைக் கொடுத்தாலும் கடைசி நாளின் எண்ணிக்கை மட்டுமே மொத்தமாக வருகிறது.
– மாணவர், முக்கூடல்

பதில்: ‘மொத்தம் = 0’ என்ற வரியை மடக்குக்குள் வைத்திருக்கிறீர்கள். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் முன்பு சேர்த்தது அழிந்துபோகிறது. அந்த வரியை மடக்குக்கு மேலே கொண்டுபோய்விட்டால், 700, 850, 600, 900, 750, 800 என்று ஆறு நாள் எண்ணிக்கையைக் கொடுக்கும்போது 4600 என்று வரும். அதை 1000 கொண்டு வகுத்துக் கிடைக்கும் 4.6-ஐக் கூலியால் பெருக்கினால் வாரத்தின் தொகை கிடைத்துவிடும்.

உங்கள் நிரலில் 0 என்று அடித்தால் நிற்கும்படி வைத்திருக்கிறீர்கள். இதை மாற்றுமாறு வலியுறுத்திச் சொல்வேன். உடம்புக்கு முடியாமல் அம்மா ஒரு நாள் சுற்றாமல் இருந்தால் அந்த நாளின் உண்மையான எண்ணிக்கை 0; அதை அடித்த உடனே நிரல் வாரம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். நிறுத்துவதற்கான அடையாளம், தரவாக ஒருபோதும் வர முடியாத ஒன்றாக இருக்க வேண்டும். ‘போதும்’ என்ற சொல்லே அதற்குத் தகுதியானது. அந்தச் சோதனையை எண்ணாக மாற்றும் வரிக்கு முன்னதாக வையுங்கள்.

ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்கிறேன். பல எண்களைப் பெருக்கும் நிரலை இதே அச்சில் எழுத நேர்ந்தால், தொடக்க மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும்; 0-இல் தொடங்கினால் எதைப் பெருக்கினாலும் 0-தான் வரும். தொடர்ந்து கழிப்பதற்கும் வகுப்பதற்கும் இவ்விரண்டும் உதவா. முதலில் வரும் எண்ணையே தொடக்க மதிப்பாகக் கொள்ள வேண்டும்.

கேள்வி: மேலப்பாளையத்தில் சிறிய கடை வைத்திருக்கிறேன். மகன் எழுதித் தந்த கால்குலேட்டரில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. கணினியே தவறாகக் கூட்டினால் அதை நம்பிக் கடைக் கணக்கை எப்படி வைப்பது?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: உங்கள் மகன் எழுதியதில் பிழையில்லை, கணினியும் பழுதாகவில்லை. இதன் காரணத்தை நம் முன்னோரின் கீழ்வாய்க் கணக்கைக் கொண்டு விளக்கினால் எளிதில் விளங்கும்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பின்னங்களை மனப்பாடம் செய்தார்கள். இவை முறையே 1/2, 1/4, 1/8, 1/16. ஒவ்வொன்றும் முந்தையதன் பாதி. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக மட்டுமே வைத்துக்கொள்வதால் இந்த நான்கும் அதற்குள் சிறிதும் மிச்சமின்றி அமர்ந்துகொள்ளும். அதே வாய்ப்பாட்டில் மா, காணி, முந்திரி ஆகியவையும் உண்டு. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவற்றின் கீழ் எண்கள் மூன்றிலும் 5 என்ற காரணி ஒளிந்திருக்கிறது. அந்த 5-ஐ இரண்டின் அடுக்குகளால் ஒருபோதும் தீர்க்க முடியாது. 1/3-ஐ நாம் 0.333 என்று முடிவின்றி எழுதிக்கொண்டே போவதுபோல, கணினியும் முடிவின்றி எழுத வேண்டியதாகி, இடம் தீர்ந்த இடத்தில் வெட்டி முழுமையாக்கிக்கொள்கிறது. 0.1 என்பது 1/10. அதிலும் 5 இருக்கிறது. 0.2-இலும் இருக்கிறது. நீங்கள் கண்ட அந்தக் கடைசி 4, வெட்டியதால் வந்த மிச்சம். இதில் நான் பெரிதும் மகிழ்ந்து பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாவும் காணியும் தனித்தனியே கணினிக்குள் முழுமையாக அமர மாட்டா. ஆனால் மாவும் காணியும் சேர்ந்த மாகாணி 5/80, அதாவது 1/16 என்பதால், அந்த 5 நீங்கிப்போய், அது வீசமாகவே முழுமையாக அமர்ந்துவிடுகிறது.

இந்த மிச்சம் மடக்கோடு சேர்ந்தால் ஆபத்தாகும். 0-இல் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் 0.1-ஐக் கூட்டிக்கொண்டே போய், ‘1 ஆகும்வரை செய்’ என்று ஒரு மடக்கை எழுதினால் அது நிற்கவே நிற்காது. பத்தாம் சுற்றில் கிடைப்பது 0.9999999999999999, அது 1 அல்ல என்பதால் மடக்கு அடுத்த சுற்றுக்குப் போய், 1-ஐத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஓடுகிற நிரலைக் கன்ட்ரோல், சி ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தி நிறுத்தலாம். ஆனால் தசம எண்களைச் சமமா என்று கேட்கும் நிபந்தனையையே எழுதாமல் இருப்பதுதான் சரியான வழி. ‘1-ஐவிடக் குறைவாக உள்ளவரை’ என்று எழுதினால், எதிர்பார்த்ததைவிட ஒரு சுற்று கூடினாலும் நிரல் நிற்கவாவது செய்யும்.

கடைக் கணக்குக்கு நான் சொல்லும் வழி மிக எளியது. எல்லாத் தொகையையும் காசாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். 12 ரூபாய் 50 காசை 1250 என்று வைத்தால், கூட்டலிலும் கழித்தலிலும் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காட்டும்போது மட்டும் ரூபாயாகப் பிரித்துக் காட்டலாம். பைத்தானில் பதின்மக் கணக்குக்கென்றே ‘டெசிமல்’ என்ற தொகுதியும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் எண்ணை மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுக்கும்படி மகனிடம் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் வெட்டுப்பட்ட எண்ணே உள்ளே போகும்.

கேள்வி: தாத்தாவின் பழைய நோட்டில் நெல் கணக்கு முழுவதும் கோட்டை, மரக்கால் என்ற பழைய அளவுகளில் இருக்கிறது. அவற்றைக் கூட்டும் கால்குலேட்டரை எழுத முடியுமா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: தாராளமாக முடியும், தசமப் புள்ளியே வராத அருமையான பயிற்சி அது. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் கோட்டைக்கு 21 மரக்கால் என்ற கணக்கை நிரலின் தொடக்கத்தில் ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். 3 கோட்டை 15 மரக்கால் என்பது 78 மரக்கால். 2 கோட்டை 10 மரக்கால் என்பது 52 மரக்கால். இரண்டும் சேர்ந்து 130. இதை 21 கொண்டு வகுத்து, // என்ற குறியால் ஈவையும் % என்ற குறியால் மீதியையும் எடுத்தால் 6 கோட்டை 4 மரக்கால் என்று வந்துவிடும். கழித்தலில் மட்டும் கவனமாக இருங்கள். விடை -5 மரக்கால் என்று குறைந்தால் பைத்தான் ஈவை -1 என்றும் மீதியை 16 என்றும் தரும். வகுப்பதற்கு முன்பே விடை 0-ஐவிடக் குறைவா என்று ஒரு நிபந்தனையால் பார்த்து, குறைவென்றால் குறியை நீக்கி வகுத்து, ‘குறைவு’ என்று சொல்லி விடையைக் காட்டுங்கள்.

கேள்வி: 2 + 3 * 4 என்று ஒரே வரியில் கொடுத்தால் என் நிரல் 20 என்கிறது. ஆசிரியர் 14 என்கிறார். ‘ஈவால்’ என்ற ஒற்றைக் கட்டளையைப் போட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். போடலாமா?
– மாணவர், தென்காசி

பதில்: ‘ஈவால்’ வேண்டாம். கொடுக்கப்படும் வரி கணக்குதானா என்று பார்க்காமல், அதில் உள்ள எந்தக் கட்டளையையும் அது நிறைவேற்றிவிடும். பிறர் பயன்படுத்தும் நிரலில் அதை வைப்பது வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதற்கு ஒப்பாகும். உங்கள் நிரல் இடமிருந்து வலமாக வந்த வரிசையிலேயே கணக்கிடுகிறது. கடைகளில் உள்ள சாதாரணக் கால்குலேட்டர்கள் பலவும் அப்படியே செய்து 20 என்றே காட்டும். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் முதலிடம் தர வேண்டுமானால், மடக்கை இரண்டு முறை ஓட விடுங்கள்.

எண்களை ஒரு பட்டியலிலும் குறிகளை மற்றொரு பட்டியலிலும் வைத்துக்கொள்ளுங்கள். 2 + 3 * 4 - 10 / 5 என்ற வரியில் எண்கள் 2, 3, 4, 10, 5. குறிகள் +, *, -, /. முதல் ஓட்டத்தில் குறிகளை இடமிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். குறி + அல்லது - என்றால் அடுத்த குறிக்கு நகருங்கள். * அல்லது / என்றால் அதன் இருபுறமும் உள்ள எண்களை எடுத்துக் கணக்கிட்டு, அந்த இரண்டுக்கும் பதிலாக விடையை வைத்து, குறியை நீக்கிவிட்டு, நகராமல் அதே இடத்திலேயே நில்லுங்கள். அடுத்த குறி அந்த இடத்துக்குத் தானாகவே வந்துவிடும். பட்டியல் சுருங்கிக்கொண்டே போவதால் இங்கே, இத்தனை சுற்று என்று முன்பே வரையறுத்து ஓடும் ‘ஃபார்’ மடக்கு ஒத்துவராது, ‘வைல்’தான் பொருந்தும். ஓட்டம் முடியும்போது எண்கள் 2, 12, 2 என்றும் குறிகள் +, - என்றும் எஞ்சும். இரண்டாம் ஓட்டத்தில் இவற்றை இடமிருந்து வலமாகக் கூட்டிக் கழித்தால் 12 வரும்.

எழுதி முடித்ததும் 8 - 3 - 2, 16 / 4 / 2 ஆகிய இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். விடைகள் 3 என்றும் 2 என்றும் வர வேண்டும். 7 என்றோ 8 என்றோ வந்தால் உங்கள் மடக்கு வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று பொருள்.